உறை கேட்டு வந்த பெட்டி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய டிரைவர் தம்பி இன்று காலையில் வந்து சேர்ந்தார். ஐஸ் நிரப்பிய நீலப் பெட்டியை வாகனத்திலிருந்து இறக்கி வாசல் படலையடியில் வைத்துவிட்டு, "மேடம் உங்கட வீட்டுத் தயிர் உறை கொஞ்சம் வாங்கி வரச் சொன்னவ ஐயா" என்றார். அவரை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, வவுணதீவு வரும் வழியில் ரோட்டு எங்கெங்கே உடைந்து கிடக்கிறது என்று கதைத்துவிட்டு, பெட்டியை வெறுமையாகவே திருப்பி அனுப்பினேன். பாவம், அவருடைய முகம் சுருங்கிப் போயிற்று. அவரை ஏசாதே. ஏசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ கெட்டிக்காரி. நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று தலையாட்டிவிட்டு, "மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை இடையில் வைக்க முடியாது. வருகிற மாதம் வெளிநாடு போகிறாய். பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. தூரம் போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்லி எழுதுவது வழக்கம்தானே. குளிருக்கு நல்ல உடுப்பு எடு, நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதத்தான் இருந்தேன். பேனை வேறு பக்கம் போகிறது. மகள், நீ என்னை ஏமாற்றிவிட்டாய். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாக எழுதலாம். இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கும் செல்விச் சின்னம்மாவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். நம் வீட்டில் ஆளுக்கு ஆள் ஒளித்துக் கதைத்தது போதும்.

போன மாரி கழிந்த கையோடு அயலில் தயிர் தோயாமல் போகத் தொடங்கியது உனக்கு நினைவிருக்கும். பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் சட்டிகளில் ஊற்றி, முதல்நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாக விட்டு மூடி வைத்தால், விடியத் திறக்கும்போது சட்டியைச் சரித்தாலும் அசையாத தயிர் இருக்க வேண்டும். இருந்தது பால்தான். சில சட்டியில் பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் ஒரு தண்ணி. முதலில் செல்வி வீட்டில், பிறகு கோயிலடி வீடுகளில், பிறகு ஒவ்வொன்றாக எல்லா இடமும். பாலில் தண்ணீர் கலந்தது என்றார்கள், எருமைக்குப் போட்ட ஊசி மருந்து என்றார்கள், கண்ணூறு என்றார்கள். நம் வீட்டில் மட்டும் ஒரு சட்டிகூடப் பழுதாகவில்லை. அது இன்னும் சங்கடம். நம்மையே ஒருமாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். உன் அம்மா பயந்துபோய், செல்வியின் சட்டிகளுக்கு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். இரண்டு வளவும் இருமியதுதான் மிச்சம்.

நீ லீவில் வந்தாய். சின்னச் சின்னப் போத்தல்களில் எல்லா வீட்டுத் தயிரையும் எடுத்துக்கொண்டு நீ வேலை செய்யும் பால் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போனாய். திரும்பி வந்து, "இது வைரஸ்" என்றாய். அவ்வளவுதான், உன் அம்மா பழைய மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டுதான் பால் காய்ச்சினாள். நீ நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அம்மா, இது மனிசருக்கு ஒண்டும் செய்யாது. தயிரத் தோய்க்கிற பற்றீரியாவை மட்டும்தான் பிடிக்கும்" என்று சொல்லி அந்த மாஸ்க்கைக் கழற்றினாய். நம் வீட்டு உறைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டதற்கு, ஒரு ஈர்க்கை முறித்து முற்றத்து மணலில் படம் கீறினாய்.

"இது பற்றீரியா. உள்ளுக்கு இருக்கிற இந்தப் பெரிய வளையம்தான் அதின்ட சீவியம். இஞ்ச பாருங்க அப்பா, இதுக்குப் புறம்பா ஒரு சின்ன வளையம். பிளாஸ்மிட் எண்டு சொல்லுற. நம்மட உறையில இருக்கிறதுகளுக்கு இது இருக்கு, மத்த வீடுகளில இல்ல. வைரஸ் வந்து ஒட்டி, தன்ட சரக்கை உள்ளுக்கு விட்டா, இந்தச் சின்ன வளையம் ஒரு கத்தரி செய்து அதை வெட்டிப் போடும்."

"வெட்ட ஏலாட்டி?" என்று உன் அம்மா கேட்டாள்.

"வெட்ட ஏலாட்டி அந்தப் பற்றீரியா தானே செத்துப்போகும் அம்மா. உள்ளுக்குப் போன வைரஸ் பெருகி வெளியில வர முன்னமே. பக்கத்தில இருக்கிறதுகள் தப்பட்டும் எண்டு."

"ஐயோ பாவம்" என்றாள் அம்மா, மனிதர் செத்ததைக் கேட்டவள் போல. இந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். எந்தக் காலத்தில் வந்ததென்று உனக்கும் தெரியவில்லை. ஆனால் இதுபோல எத்தனையோ வளையங்களை ஒரு பற்றீரியா பக்கத்தில் இருக்கும் பற்றீரியாவுக்குக் கொடுக்கும் என்றாய். ஒட்டி நின்று பிரதி எடுத்துக் கொடுக்கும், கொடுத்ததற்குக் குறைவதும் இல்லை என்றாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்த அன்றுகூட நீ அவ்வளவு சந்தோசமாக இருக்கவில்லை. எனக்கு உன்னைப் பெற்றதே போதும் என்றிருந்தது. கிருமியைப் பார்த்து ஒழுக்கம் படி என்று உனக்கு எழுத வரவில்லை. அது கிருமி, அதற்குச் சின்னம்மாவும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் இவ்வளவையும் உன் வாயால் சொல்லித் தந்த அடுத்த நாள்தான், பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது, படலையடியில் நின்று அந்த வசனத்தையும் சொன்னாய்.

"அப்பா, கொஞ்ச நாளைக்கு உறைய ஒருத்தருக்கும் குடுக்காதீங்க. மத்த வீட்டுக் கிண்ணங்களோட பழகினா நம்மட உறைக்கும் வைரஸ் தொத்திரும். எல்லாருக்கும் இல்லாமப் போயிரும்."

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? நீ படித்த பிள்ளை; அந்த விசயத்தைப் படித்தவள். நாளைக்கே இந்தத் தயிரை நிலத்தில் ஊற்றுங்கள் என்று நீ சொல்லியிருந்தாலும் ஊற்றியிருப்பேன்.

நீ வளர்ந்தது இந்த ஊரில்தான். உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தேங்காய் இல்லை என்று அயலவருக்குச் சொன்னதுண்டு, அரிசி இல்லை என்று சொன்னதுண்டு. உறை இல்லை என்று ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொன்னதாக நான் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு வீட்டில் தோயாவிட்டால் அடுத்த வீட்டில் எடுப்பார்கள். நாளைக்கு அந்த வீட்டுக்கு இந்த வீடு. ஆள் அனுப்பி எடுப்பிக்கிற பழக்கமும் இல்லை. தேவையானவர் தன் கிண்ணத்தோடு தானே வந்து கேட்க வேண்டும். ஆள் விட்டு எடுத்த உறை தோயாது என்பார்கள். தோயும்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் யார் யாரிடம் கை நீட்டினோம் என்பது எல்லோருக்கும் நினைவில் இருந்தால்தான் நாளைக்கு நாமும் மறுக்காமல் கொடுப்போம். அதற்காகத்தான் அந்தப் பேச்சு என்று நினைக்கிறேன்.

நம் வீட்டு உறை என்று நீயும் கம்பனியும் சொல்கிறீர்களே, அது எப்போது நம் வீட்டு உறையானது? நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது வெள்ளம் வீட்டுக்குள் ஏறியது. நாம் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தோம். திரும்பி வந்தபோது சட்டி, பானை, அடுப்பு ஒன்றும் இல்லை. வெள்ளம் வடிந்தும் வடியாமலும் இருக்க, செல்வி முழங்காலளவு தண்ணீரில் தலையில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வளவு மேட்டுப் பக்கம், அவளிடம் ஒரு சட்டித் தயிர் தப்பியிருந்தது. "முதல்ல உறையப் போடுங்க அத்தான், மத்ததெல்லாம் மெதுவாப் பாப்பம்" என்றாள். அதில் தொடங்கியதுதான் நம் வீட்டில் இன்றைக்கும் நடக்கிற தயிர். அந்தத் தயிரில்தான் உனக்குக் கொப்பி வாங்கினோம், பஸ் காசு கொடுத்தோம், கம்பஸுக்குப் படிக்க அனுப்பினோம். அவளுடைய புருசன் போன பிறகு அவள் பிழைத்ததும் அதே தொழிலில்தான்.

அந்தச் செல்வி, உன் அம்மாவின் ஒரே தங்கச்சி, வேலிக் கடப்பு வழியே வந்து கிண்ணத்தை நீட்டினாள். "அத்தான், எங்கட உறை முழுக்கச் செத்துப்போச்சு. கொஞ்சம் தாங்க."

"இப்ப ஏலா புள்ள. கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "பகிடி விடாதீங்க அத்தான். பால் ஆறப் போகுது."

நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு குசினிப் பக்கம் பார்த்தாள். அங்கே உன் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று முதுகிலேயே தெரிந்தது. மகள் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. உன் பெயரை இழுத்தால் சின்னம்மாவுக்கு உன்மேல் மனம் நோகும், பிள்ளை நல்லதுக்குத்தான் சொன்னாள், பழியை நானே எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். செல்வி வெறுங்கிண்ணத்தோடு கிறுகி வீட்டுக்குப் போனாள். இன்னொரு நாளும் வந்தாள். அப்போதும் அதே பதில். அதன் பிறகு வரவில்லை. கடையில் விற்கிற கப் தயிரை உறையாக விட்டுப் பார்த்தாளாம். இரண்டு நாள் தோய்ந்தது, பிறகு அதுவும் போயிற்று. வட்டை வயல்களில் வேளாண்மை தொடங்க, எருமைகளை உன்னிச்சைப் பக்கம் மேய்ச்சலுக்குச் சாய்க்கும் காலத்தில், கறவையில் நின்ற இரண்டை விற்றுவிட்டு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். மிஞ்சிய எருமையின் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் ஊற்றினாள். உன் அம்மா அவள் போகும் நேரம் பார்த்து வேலிக் கரையில் நிற்பாள். செல்வி நிமிர்ந்து பார்க்காமல் போவாள்.

அந்தச் சேகரிப்பு நிலையத்தில்தான் எனக்கு விளங்கியது. உன் கம்பனியிலிருந்து ஒரு இளம் அலுவலர் வந்திருந்தார். நல்ல பொடியன், மரியாதையாகக் கதைத்தார். தயிர் தோயாத வீடுகளுக்கு உறைப் பொடி கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். இதைப் போட்டால் வைரஸ் ஒன்றும் செய்யாது, ஆனால் பொடி வேண்டுமென்றால் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சிய பால் முழுவதையும் கம்பனிக்கே தர வேண்டும், சந்தைக்குத் தயிர் போடக்கூடாது என்றார். பிறகு என்னைக் கண்டுவிட்டு, எல்லோரும் கேட்க, "நீங்க பெருமைப்பட வேணும். இது நம்மட ஐயாட மகள் கண்டுபிடிச்ச. இவங்கட வீட்டு உறையில இருந்துதான் எடுத்த. கம்பனிக்கு மட்டும் எண்டு எழுதிக் குடுத்திருக்காங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் கை கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பால் வாளியோடு நின்ற செல்வி என்னைப் பார்த்தாள். அவள் மட்டுமா, அத்தனை பேரும் பார்த்தார்கள். தயிர் தோயாமல் தொழிலை விட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

எனக்குத் தெரியாது, நான் எழுதிக் கொடுக்கவில்லை என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால், தகப்பனையே ஏமாற்றியவள் என்று உன் பெயர் ஊர் முழுக்கப் போகும். நாளைக்கு நீ இந்த ஊருக்குத் தலைநிமிர்ந்து வர வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டேன். கள்ளன் என்ற பட்டத்தோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்துக் கேட்டேன், உறையை வெளியில் கொடுத்தால் நம் உறைக்குத் தொற்றும் என்றாயே, அது உண்மையா என்று. "அப்படியும் ஒரு சின்னச் சாத்தியம் இருக்கு அப்பா" என்றாய். கரண்டியால் எடுத்துக் கொடுத்தால் எப்படித் திரும்பி வந்து தொற்றும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாய், உறை வெளியில் பரவக்கூடாது என்று கம்பனி கேட்டுக்கொண்டதாக, உன் வேலை அதில் தங்கியிருந்ததாக, வேறு வழி இருக்கவில்லை என்று. மகள், அதை அன்றைக்கே படலையடியில் சொல்லியிருக்கலாமே. என் வேலை போய்விடும் அப்பா என்று நீ அழுதிருந்தால் நான் உன்னோடு சண்டை பிடித்திருப்பேன், கத்தியிருப்பேன், கடைசியில் ஒருவேளை உனக்காக இசைந்தும் இருப்பேன். அப்போது அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருந்திருக்கும், தெரிந்து செய்தேன் என்று இருந்திருக்கும். நீ அப்படிக் கேட்கவில்லை. உன் படிப்பின் மேல் நான் வைத்த நம்பிக்கையை எடுத்து என் வாயைக் கட்டினாய். உன் அம்மாவைக் கொண்டே அவளுடைய தங்கச்சியை வெறுங்கையோடு அனுப்ப வைத்தாய்.

இருந்தும் பேசாமல்தான் இருந்தேன், போன கிழமை நீ மறுபடி எடுக்கும் வரைக்கும். கம்பனித் தொட்டிகளிலும் இப்போது தயிர் தோயவில்லை என்றாய். "வளையம் விழுந்திட்டு அப்பா" என்றாய். சுத்தமான பால், ஸ்டீல் தொட்டி, வைரஸ் அண்டாத இடம் என்று சொகுசாக வளர்த்ததில், இந்தச் சின்ன வளையம் தேவையில்லாத பாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டதாம். பிறகு வைரஸ் வந்தபோது தடுக்க ஒன்றும் இல்லையாம். நீ வெளிநாடு போவதற்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும், புது உறை வேண்டும், பெட்டி அனுப்புகிறேன் என்றாய். அம்மாவுக்குக் கால் நோ எப்படி என்று கேட்டாய். சின்னம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் காத்திருந்தேன், கேட்பாய் என்று.

போனை வைத்துவிட்டு ஒரு வாளியில் தயிரை எடுத்துக்கொண்டு வேலிக் கடப்பால் செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் ஆலையிலிருந்து வந்து, தவிட்டுத் தூசி போகத் தலையை உதறிக்கொண்டு நின்றாள்.

"உறை கொண்டு வந்திருக்கன் புள்ள."

"நான் கேக்கல்லியே அத்தான்."

"கேட்டாய். நான்தான் தரல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். நீ படலையடியில் சொன்னது, நான் நம்பியது, அலுவலர் கை குலுக்கியபோது எனக்கே அப்போதுதான் தெரிந்தது, உன் பெயர் கெடக்கூடாது என்று வாயை மூடியிருந்தது. அவள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"நீங்க இல்லையெண்ட அண்டைக்கே நான் அவளுக்குப் போன் எடுத்தன் அத்தான். நீயாவது சொல்லு புள்ள எண்டு கேட்டன். அதுக்கு அவள், நான் சொல்லிப் பாத்திட்டன் சின்னம்மா, அப்பா கேக்கிறார் இல்ல, நம்மட வீட்டு உறை நம்மட வீட்டோட இருக்கட்டும் எண்டு நிக்கிறார், அவர்ட குணம் தெரியும்தானே எண்டவள். உங்களிட்ட இதக் கேட்டா அப்பனுக்கும் மகளுக்கும் சண்டை வரும் எண்டு நான் பேசாம விட்டன்."

நான் அவளுடைய வாசல் படியில் இருந்துவிட்டேன். பொய் சொன்னாய், பயத்தில் சொன்னாய் என்று எனக்கு நானே எத்தனையோ சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் நான் உன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு இருந்த அதே நாட்களில், நீ என்னை விற்றுக்கொண்டிருந்தாய். அதுவும் யாரிடம்? உன்னைப் பெற்றவளுக்குப் பால் சுரக்காமல் இருந்தபோது தன் பிள்ளையோடு சேர்த்து உன்னையும் மடியில் போட்டவளிடம். நெஞ்சு எரிகிறது மகள். இதை எழுதும்போதும் எரிகிறது.

அடுத்த நாள் உன் அம்மாவும் செல்வியும் நானுமாகக் கோயிலடி வீடுகள் எல்லாம் போனோம். கிண்ணத்தோடு அவர்கள் வருவதற்குக் காத்திருக்கவில்லை. மறுத்தவர்கள் நாங்கள், ஆகவே நடக்க வேண்டியதும் நாங்கள்தான். ஒவ்வொரு படலையிலும் நடந்ததைச் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். இனிமேல் உன் பெயரைக் காப்பது உன் வேலை. சிலர் வாங்கினார்கள், ஒரு வீட்டில் வாங்கவில்லை. வாங்கிய வீடுகளில் தோய்கிறது. கம்பனி வழக்குப் போட்டால் போடட்டும். எந்தச் சட்டியில் எந்த வளையம் இருக்கிறது என்று அவர்கள் வீடு வீடாகத் தேடிக்கொண்டு திரியட்டும்.

குளிருக்கு உடுப்பு எடு. அங்கே போய் யாராவது உன்னை நம்பி ஒன்றைக் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லு, சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று சொல்லு. கடுமையாக இருந்தாலும் அதைத் தாங்கலாம். இவ்வளவுதான் என் புத்தி.

உறை வேண்டுமென்றால் பெட்டியை அனுப்பாதே. நீயே வா. நம் வீட்டுக்கல்ல, செல்வி வீட்டுக்குப் போ. கிண்ணத்தை நீட்டி நீயே கேள். நேற்று அவள் பால் வடித்துக்கொண்டு இருந்தபோது, மகள் வந்து கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பார்த்தேன். முகத்தைத் திருப்புவாள், இரண்டு வார்த்தை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வந்து கேட்டாக் குடுக்கிறதுதானே அத்தான். எங்கட புள்ளதானே" என்றாள். அதைக் கேட்டதிலிருந்துதான், மகள், உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அப்பா